எல்லைகள் பற்றிய பாடம்

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. காவிரித் தகராறு முற்றிய வாரத்தில் மட்டும் ஆசிரியர் அறையில் என்னிடம் வழக்கத்தைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

அந்த வாரம் பார்த்து, வெள்ளைக்காரர்கள் போவதற்கு முன் மாகாணங்களுக்குச் சுயாட்சி கொடுத்த பாடம் வந்தது. சிறுபான்மையினரின் அச்சம், எல்லை வகுப்பது, எல்லாம் அதில் இருந்தன. விளக்க வேண்டாம், புத்தகத்தை வாசித்தால் போதும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். வாசித்தேன்.

பாதியில், முன் பெஞ்சில் இருந்த ஆட்டோ டிரைவரின் மகள் எழுந்து கேட்டாள்.

"நீவு மைனாரிட்டி அல்வா, மிஸ்?"

நீங்கள் சிறுபான்மைதானே என்கிறாள். ஆமாம் என்றேன். அப்படியானால் உங்களுக்கு என்ன வேண்டும் என்றாள். பாடத்தில் இருப்பவர்கள் எழுத்தில் உத்தரவாதம் கேட்டார்கள், எனக்கு இந்தப் பாடம் மணி அடிப்பதற்குள் முடிந்தால் போதும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மணி அடிப்பதற்குள் பள்ளியையே விட்டுவிட்டார்கள். ஊரில் கல்லெறி, பஸ் கிடையாது. மகளை அழைக்க வந்த டிரைவர் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியில் யாராவது நிறுத்தினால் வாய் திறக்காதீர்கள் என்று கன்னடத்தில் எச்சரித்தார். அவர் மகள் கன்னடத்தில் எழுதும் சரித்திரக் கட்டுரைகளின் மொழிப்பிழைகளையும் நான்தான் திருத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை.

முதலில் மகளை வீட்டில் இறக்கிவிட்டார். என் வாசலுக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் தமிழில் பேசினார்.

"நாங்களும் தமிழ்தானுங்க டீச்சர். கொள்ளேகால் பக்கம். முன்னே அது கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. எல்லையை மாத்துனப்ப எங்கப்பாரு காட்டுல உழுதுட்டு இருந்தாருங்க. அவரு எங்கயும் போகலை. ராஜ்யந்தான் மாறிப்போச்சு."

மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க. வெளியில உளறிடும்."

சொல்ல மாட்டேன் என்றேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாமென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பள்ளி திறக்கச் சில நாட்கள் ஆயின. அதே பாடம் தொடர்ந்தபோது அந்தப் பெண் மறுபடி எழுந்து, எல்லை வகுக்கும்போது எல்லையோரத்து ஜனங்களை யாராவது கேட்டார்களா என்றாள். புத்தகத்தில் இல்லை என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.