ஏற்கெனவே ஏறியிருந்த தண்ணீர்

"தம்பி, ஒங்க பெட்டி பச்ச லைட்ட காட்டிக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கு. தண்ணி எங்க வாசப்படிக்கு வந்திருச்சு லா!"

லெட்சுமி அக்காவின் இந்த அழைப்பு வந்தபோது நான் ஈப்போ சிலிபின் பகுதியில் ஒரு கடையில் வாழையிலைச் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு சின்ன நிறுவனத்தில் சென்சார்களுக்கு டிரைவர், அதாவது அவற்றைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் நிரல், எழுதுவது என் வேலை. தலை நரைக்கும் அளவுக்கு அனுபவம் உண்டு. அப்படிப்பட்ட ஆள் இந்த நேரத்தில் என்ன செய்வான்? நான் ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரின் கார் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்து சாவியை மாற்றிக் கொடுத்தார்.

"அக்கா, சுவிட்ச அடச்சிட்டு மறுபடி போடுங்க."

"போட்டேன்."

"என்ன வருது?"

"பச்ச லைட்டுதான் வருது."

"இன்னொரு தடவ அடச்சுப் போடுங்க."

"தம்பி, நான் சுவிட்சு போடவா, எங்க வீட்டுக்காரர தூக்கவா?"

அழைப்பு அறுந்தது.

கோலா கங்சார் போகும் வழியில் இருக்கிறது அக்கா குடியிருக்கும் பழைய ரப்பர் தோட்டம். மரமெல்லாம் போய் வெகு காலமாகிவிட்டது. ஆற்றோரம் ஒரு வரிசை வீடுகளும், மேட்டில் கோயிலும் மண்டபமும் மிச்சம். வெள்ளம் வருவதைச் சொல்ல ஆற்றில் ஒரு மிதவை சென்சார், மண்டபச் சுவரில் எங்கள் பெட்டி, கூரையில் சைரன். அக்காவின் கணவருக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. சைரன் கேட்டதும் ஆட்கள் வந்து அவரை மேட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சைரன் அடித்தால்தானே?

இன்டரப்டும் என் இரண்டு முயற்சிகளும்

இளையவர்களுக்காக இங்கே கொஞ்சம் பாடம். கோப்பிக் கடையில் மீ கோரிங் கேட்டுவிட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடுப்படிக்குப் போய் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பது ஒரு வகை. பேசாமல் உட்கார்ந்து, சமையல்காரர் குரல் கொடுத்ததும் எழுந்து போவது இன்னொரு வகை. அந்தக் குரல்தான் இன்டரப்ட். பிராசஸர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சென்சாரின் வயரில் சிக்னல் வந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல், அதற்கென்று நாம் எழுதிவைத்த ஹேண்ட்லரைக் கூப்பிடும்.

எப்போது கூப்பிட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். முதலில் நான் லெவல் என்று வைத்தேன். சிக்னல் மேலே இருக்கும்வரை கூப்பிடு என்று அர்த்தம். தண்ணீர் ஏறினால் மிதவை மேலேயே நிற்கும். ஹேண்ட்லர் முடிந்த மறுகணமே கெர்னல் மறுபடி கூப்பிடும், மறுபடி, மறுபடி. போர்டு மூச்சுமுட்டி நின்றுவிட்டது. பாஸ் சொங் எட்டிப் பார்த்து, "அலாமாக் மணி, ஒன்னோட பெட்டி தண்ணிய பாத்தாலே மயக்கம் போடுதே லா," என்றார்.

அதனால் எட்ஜுக்கு மாற்றினேன். சிக்னல் கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு தரம் கூப்பிடும். மிதவை ஆடினால் பொய்யாக அடிக்காதபடி கொஞ்சம் தாமதமும் வைத்தேன். ஆபீஸில் வாளித் தண்ணீரில் எத்தனையோ முறை சோதித்தோம். ஒவ்வொரு முறையும் அடித்தது. பெருமையாகக் கொண்டுபோய் மாட்டினோம்.

மண்டபத்தில்

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் வீடுகளுக்குள் முழங்கால் உயரம். மண்டபம் நிறைய ஆட்கள், பாய்கள், ஒரு சேவல், இரண்டு டிவி.

நடந்தது இதுதான். மண்டபத்தில் இருப்பது ஒரே பிளக் பாயின்ட். திருவிழா வருகிறதென்று காலையில் உறுமிமேளக் குழு ஒத்திகைக்கு வந்து, என் பெட்டியைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரை மாட்டியிருக்கிறது. வருடா வருடம் நடக்கிற வழக்கம். ஒத்திகை முடிந்து, ஆம்ப்ளிஃபயரை அங்கேயே விட்டு, என் பெட்டியை மறுபடி மாட்டாமல் அவர்கள் போன பிறகு மழை. தண்ணீர் வாசலைத் தொட்டதும் அக்கா மேட்டுக்கு ஓடி வந்து பெட்டியை மாட்டியிருக்கிறார். அது ஊமையாக இருக்கவே எனக்குப் போன். நான் கொடுத்த அரிய ஆலோசனையைக் கேட்டுச் சலித்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை மாட்டி மைக்கில், "தண்ணி வந்திருச்சு, எங்க வீட்டுக்கு நாலு பேரு ஓடி வாங்கடா!" என்று கத்தியிருக்கிறார். ஆட்கள் ஓடி வந்து அவர் கணவரை மேட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

நான் நேராகப் பெட்டியிடம் போனேன்.

"வந்திட்டாருயா இஞ்சினியரு," என்றார் அக்கா. "கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இத நம்பி இனி நாங்க தூங்க மாட்டோம்."

கோயில் கமிட்டித் தலைவரும் தலையாட்டினார். நான் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு. கழற்றத்தானே போகிறோம் என்று சென்சார் வயரை உருவினேன். எதற்கும் ஒரு முறை என்று மறுபடி செருகினேன்.

சைரன் அலறியது. சேவல் பறந்தது. நான் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லாரும் நனைஞ்சப்புறம் ஊளையிடுது பாரு!" என்றார் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. வயரை உருவிச் செருகியதில் சிக்னல் கீழே இறங்கி ஏறியிருக்கிறது; அந்த ஏற்றத்துக்குத்தான் சைரன். பெட்டி பிளக் இல்லாமல் கிடந்தபோதே தண்ணீர் குறியைத் தாண்டிவிட்டது. உயிர் வந்து எழுந்த டிரைவர், சிக்னல் ஏறும் கணத்துக்காகக் காத்திருந்தது. அந்தக் கணம் எப்போதோ போய்விட்டது. நான் சுவிட்சை அடைத்துப் போடச் சொன்ன ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் காத்திருக்க வைத்தேன். ஆபீஸிலும் பவரைப் போட்ட பிறகே வாளியில் மிதவையைத் தூக்கினோம். ஏற்கெனவே வெள்ளம் வந்த ஊரில் கண் விழிக்கும் பெட்டியை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

சந்தோஷத்தில், "கண்டுபுடிச்சிட்டேன்க்கா!" என்று திரும்பினேன்.

"மொதல்ல மாமாவப் பாருங்க. நடுங்கிக்கிட்டு இருக்காரு. அவர தாண்டித்தானே போனீங்க?"

தூணருகே நனைந்த சாரத்தோடு அக்காவின் கணவர், மாமா, உட்கார்ந்திருந்தார். அவர் கூப்பிடவில்லை, கத்தவில்லை. சத்தமில்லாத இடத்தில் பிரச்சினை இல்லை என்று நானும் என் டிரைவரைப் போலவே எண்ணியிருந்தேன். காரிலிருந்து என் ஜாக்கெட்டை எடுத்து வந்து போர்த்தினேன். "ஒங்க சட்டையில ரசம் வாசன வருதே தம்பி," என்றார் மாமா, பல் தந்தியடிக்க.

திருத்தம் சில வரிகள்தான். டிரைவர் எழுந்ததும் முதலில் ஓடும் புரோப் ஃபங்ஷனில் இன்டரப்டைப் பதிவு செய்த கையோடு, சென்சார் வயரின் சிக்னல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தரம் நாமே படிக்க வேண்டும். மேலே இருந்தால் உடனே சைரன். வரிசையும் முக்கியம். முதலில் படித்துவிட்டுப் பிறகு பதிவு செய்தால், நடுவில் இருக்கும் இடைவெளியில் தண்ணீர் ஏறிவிடலாம். பதிவு செய்துவிட்டுப் படித்தால், அதிகம் போனால் ஒரே செய்தி இரண்டு முறை வரும். வெள்ளத்தை இரண்டு முறை சொன்னதற்காக யாரும் கோபிக்கப் போவதில்லை.

கமிட்டி இன்னொரு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தது. ஆனால் பெட்டியை மறுபடி மாட்ட அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: சோதனையை அவர்தான் செய்வார். ஆற்றில் இறங்கி மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப போடுங்க!" என்று கத்தினார். மண்டபத்தில் மாமா சக்கர நாற்காலியிலிருந்து எட்டி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு வந்தது. உடனே சைரன் அடித்தது.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "சரி, இருக்கட்டும் லா," என்றார்.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன் அங்கே பேசாமல் இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன். டிரைவர் எழுத வரும் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன்: காத்திருக்கத் தொடங்குமுன், ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பார்.