பெப்புவில் சாப்பிட ஐந்து இடங்கள்

ஒவ்வொரு நாளும் முற்பகல் பதினொன்றரைக்கு மொன்றியல் டவுன்டவுனில் ஒரு வெள்ளைக்காரர் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். நான் சமைக்கும் யப்பானிய உணவகத்தின் கதவைத் திறந்து, பொன்ஜூர் என்று தொடங்கப்போவார். என் வெள்ளைச் சட்டையையும் தலைத் துணியையும் கண்டதும் அதை விழுங்கிவிட்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பை வளைத்து, கொன்னிச்சிவா என்பார். நானும் அதே அளவு வளைந்து அதையே திருப்பிச் சொல்வேன். நான் சாவகச்சேரிக்காரன் என்பது அவருக்குத் தெரியும். அவர் கியூபெக்கில் ஏதோ பண்ணை ஊரில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பதினெட்டு வருடமாக இந்தக் கூத்தை நாங்கள் இருவரும் ஒருநாளும் கைவிட்டதில்லை. பிறகு அவர் பிரெஞ்சில் சூப் கேட்பார், இன்றைக்கு மீன் நல்லது என்று நானும் பிரெஞ்சில் சொல்வேன்.

இந்தச் சட்டையின் புண்ணியத்தில், மொன்றியல் தமிழருக்கு யப்பான் பற்றி எழும் சந்தேகமெல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. முன்பு எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் ரொறன்ரோவில் ஒரு கலியாணவீடு, அவ்வளவுதான். இப்போது யப்பானுக்குப் போகாதவரைத் தேடவேண்டியிருக்கிறது. லொங்குய்யில் இருக்கும் ராகவன், சென்னைக்காரர், பொறியியலாளர், போன வசந்தத்தில் தொலைபேசி எடுத்தார். "அண்ணா, பெப்பு போறோம், ரெண்டே நாள்தான். எங்க சாப்பிடலாம்னு நீங்க சொன்னாப் போதும். நெட்ல பாத்தா தலை சுத்துது" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். அரசியலிலும் பிள்ளை வளர்ப்பிலும் என் பேச்சை நம்பவேண்டாம். சாப்பாட்டில் நம்பலாம். அந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

பெப்பு என்பது யப்பானின் தெற்கே க்யூஷு தீவில் உள்ள வெந்நீர் ஊற்று ஊர். ஒன்சென் என்பார்கள். வீதியோர வாய்க்காலிலிருந்தும் வீட்டுக் கொல்லையிலிருந்தும் நாள் முழுக்க ஆவி எழும்பிக்கொண்டேயிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் கடை முதலாளி கெய்கோவின் சொந்த ஊர் அது. கடையின் சமையற் குசினியை இடித்துக் கட்டுவதற்காக இரண்டு கிழமை மூடியபோது, "பதினெட்டு வருடமாக என் ஊர்ச் சாப்பாட்டைச் சமைக்கிறாய், ஒருமுறை போய்ச் சாப்பிட்டுப் பார்" என்று சொல்லி, ஐந்து இடங்களை ஒரு தாளில் எழுதித் தந்தா. நான் உடனே ஓம் என்றேன். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை. என் மனைவி வதனியைச் சாப்பிடவைக்க வேண்டியிருந்தது.

வதனியின் அப்பா திருகோணமலையில் காலமாகி அப்போது ஐந்து மாதம். அவளால் போக முடியவில்லை, அதற்கு முழுக் காரணம் நான்தான். அவளுடைய கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கும் படிவத்தை அவள் நிரப்பி, படமும் எடுத்து, நாளைக்கு அனுப்புங்கோ என்று என் கையில் தந்திருந்தாள். அது என் மேசை லாச்சியில் மூன்று கிழமை கிடந்தது. செய்தி வந்த அன்று லாச்சியைத் திறந்தபோது அது அப்படியே இருந்தது. அவசரமாக எடுத்துத் தர வழி இருக்கிறது என்று ஓடினேன், அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மாமாவைக் கனடாவுக்குக் கூப்பிட இரண்டு முறை விசா கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் நாங்கள், கடைசியில் மகளாவது போயிருக்க வேண்டும். மணமுடித்துப் போன பெண்ணுக்கு மூன்று நாள் துடக்கு, அதோடு சரி என்று ஐயர் சொன்னார். நாலாம் நாள் வதனி லவாலில் தான் வேலை பார்க்கும் கார்டெரிக்கு, அந்தப் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். சாப்பாட்டைத்தான் விட்டுவிட்டாள். ஒரு பாண் துண்டு, அரைக் கோப்பை தேத்தண்ணீர். பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவனின் மனைவி என் கண் முன்னால் மெலிந்துகொண்டு போனாள். பிந்தி வந்த அந்தக் கடவுச்சீட்டில் முதல் முத்திரையாக யப்பான் முத்திரை விழுந்தது.

சரி, இடங்களுக்கு வருகிறேன். முதலில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கோழிக் கடை. மாவில் தோய்த்துப் பொரித்த கோழி, அந்த ஊர்ப் பச்சைத் தேசிக்காயைப் பிழிந்து, கடுகு கரைத்த சோயாவில் தொட்டுச் சாப்பிடவேண்டும். மாவு இறகு மாதிரி இருக்கும். என் மாவு அப்படி வருவதில்லை என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன், மாவு கரைக்கும் தண்ணீரை ஐஸ் போட்டுக் குளிரவைக்கிறார்கள். அடுத்தது குளிர் நூடில்ஸ், ஊறவைத்த கோவா, ராகவனின் பாஷையில் முட்டைக்கோஸ், மேலே போட்டது. வெயிலில் நடந்து களைத்துப் போய்ச் சாப்பிட்டால் இறங்கும். மூன்றாவது, ஆவியில் அவித்த முட்டைப் புடிங். எங்கள் வட்டிலப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஏலக்காய்க்குப் பதிலாகக் கருக்கிய சீனியின் கசப்பு. நாலாவது இடத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே மூங்கில் கூடையில் நண்டு, சோளம், வற்றாளங்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் நீங்களே அடுக்கி, நிலத்திலிருந்து வரும் ஆவிக் குழிக்குள் இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு உட்காரலாம். நெருப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆவியில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கந்தக மணம். அந்தக் கிழங்கு மாதிரிக் கிழங்கு நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

இந்த நாலு இடத்திலும் என் பங்கையும் வதனியின் பங்கையும் நானே சாப்பிட்டேன். அவள் ஒரு வாய் வைப்பாள், நல்லாயிருக்கு என்பாள், தட்டை என் பக்கம் தள்ளுவாள். நான் விடவில்லை. மாவு எப்படி, முட்டையின் வெள்ளை ஏன் தயிர் போலவும் மஞ்சள் ஏன் கெட்டியாகவும் இருக்கிறது என்றெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டேயிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் நாள் பின்னேரம், வீதியோரத்தில் எல்லோரும் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் உட்கார்ந்தோம். நான் காற்சட்டையை மடித்துக் காலை விட்டேன். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "நீர் என்னில இருக்கிற கோவத்தைச் சாப்பாட்டில காட்டுறீரோ?" என்று கேட்டுவிட்டேன்.

"கோவம் இல்லை" என்றாள். "அண்ணை அப்பாவின்ர அந்தியேட்டியைக் கன்னியாவிலதான் செய்தவர். இந்தச் சுடுதண்ணி மணம் வரேக்க எனக்குத் தொண்டைக்குள்ள ஒண்டும் இறங்குதில்லை."

நாங்கள் யாழ்ப்பாணத்தார், இந்தக் காரியங்களுக்கு எங்களுக்குக் கீரிமலை. அது கடலோரக் குளிர்ந்த கேணி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நான் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. திருகோணமலைக்காரருக்கு வெந்நீர் ஊற்று என்றால் செத்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, எள்ளு, ஈர வேட்டி. தகப்பனைப் பறிகொடுத்தவளை, வாய்க்காலெல்லாம் கன்னியாவாக ஓடும் ஊருக்கு விருந்துக்குக் கூட்டிவந்திருக்கிறேன். முதலே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்கள் ஆசையாகக் கேட்டியள், என்னெண்டு வேண்டாம் எண்டுறது என்றாள். பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னாள். கார்டெரியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, தமையன் காட்டிய கிரியையைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "காகத்துக்கு வைக்கேக்க லைன் அறுந்துபோச்சு. காகம் எடுத்ததோ எண்டு அண்ணையைக் கேக்கப் பயமாக் கிடக்கு. இல்லையெண்டு சொன்னா நான் என்ன செய்யிறது? இண்டுவரைக்கும் கேக்கேல்லை" என்றாள். பிள்ளையைக் காணாமல் அப்பா கோபத்தோடு போயிருப்பார் என்பதுதான் அவளுடைய பயம். ஐந்து மாதமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், சோற்றுக்கு எங்கே இடம்?

மறுநாள் காலை ஐந்தாவது இடத்தை விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். வதனிதான், கெய்கோவுக்கு என்ன சொல்லுவியள் என்று எழும்பினாள். அது மேட்டில், கெய்கோவோடு படித்த ஒரு பெண் முட்டையும் கிழங்கும் ஆவியில் அவித்து விற்கும் பெட்டிக்கடை. முன்னால் உட்கார ஒரு வாங்கு, பக்கத்தில் கல் மதில், மதிலடியில் ஆவி பறக்கும் வாய்க்கால். கெய்கோவின் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, மூங்கில் இலையில் ஒரு சோற்று உருண்டையைக் கொண்டுவந்து வதனியின் கையில் வைத்தா. சிவப்புப் பயறு போட்ட சோறு, மேலே கறுப்பு எள்ளு. பிறந்தநாளுக்கும் நல்ல காரியங்களுக்கும் அவர்கள் செய்யும் சோறு அது, எங்கள் கடையிலும் செய்வோம். எள்ளுச் சோற்றை உருட்டி உயிரோடிருக்கிறவர் கையில் கொடுத்தால் எங்கள் ஆள் ஒருவர் என்ன நினைப்பார் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நான் பயந்துபோய் அதை வாங்கக் கையை நீட்டினேன்.

வதனி தரவில்லை. வாய்க்காலில் குனிந்து கை கழுவினாள். உருண்டையை மூன்றாகப் பிட்டு இலையோடு மதிலில் வைத்தாள். நாலடி தள்ளி நின்று, கா கா என்று கூப்பிட்டாள்.

யப்பான் காகம் எங்கள் காகம் மாதிரி இல்லை, கோழி அளவு இருக்கும், அலகைப் பார்த்தாலே பயம் வரும். மின்கம்பத்திலிருந்து ஒன்று இறங்கி மதிலில் வந்து நின்றது. அந்த ஊரில் காகம் பெரிய தொல்லை, குப்பையைக் கிளறிவிடும் என்று துரத்துவார்கள். கடைக்காரப் பெண் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. வதனியின் முகத்தை நான் பார்த்தேன். குறுக்கே போய் நின்றேன். பதினெட்டு வருடக் குசினி யப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் சூடு வருகிறது, கெதியாக, இரண்டு சூப், மன்னிக்கவும். ஒன்றும் உதவாது. கெய்கோ தன் புருஷனைப் பிள்ளைகளின் முறையில் அப்பா என்றுதான் கூப்பிடுவா. அந்தச் சொல் வந்தது. காகத்தைக் காட்டினேன், வதனியைக் காட்டினேன். "ஒத்தோசான்" என்றேன்.

அந்தப் பெண் காகத்தைப் பார்த்தா. வதனியைப் பார்த்தா. "ஒத்தோசான்?" என்று ஒருமுறை கேட்டா. நான் தலையாட்டினேன். விளக்குமாற்றை மதிலில் சாத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, காகத்துக்கு முன்னால் இடுப்பை நன்றாக வளைத்துக் குனிந்தா.

காகம் தலையைச் சரித்து மூன்று பேரையும் பார்த்தது. ஒரு துண்டை விழுங்கியது. மற்ற இரண்டையும் அலகில் ஒன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுப் பக்கம் பறந்துபோனது. வதனி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, அந்தப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றா. பிறகு வாங்கில் உட்கார்ந்து, "எனக்கு முட்டை வாங்கித் தாங்கோ" என்றாள் வதனி. மூன்று முட்டை, ஒரு சோளம், ஒரு பெரிய வற்றாளங்கிழங்கு. கிழங்குக்கு உப்புக் கூடிப்போச்சு என்று குறையும் சொன்னாள். நான் ஒன்றும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல சாப்பாடு அதுதான், அதில் ஒரு பருக்கையைக்கூட நான் சமைக்கவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பியபின் கெய்கோவுக்கு அவவின் தோழி தொலைபேசி எடுத்தாவாம். உன் சமையற்காரரின் மாமனார் தினமும் காலையில் மதிலுக்கு வருகிறார், மீன் சாப்பிடுவாரா என்று கேட்டாவாம். நான் சொன்னதை அந்தப் பெண் எப்படி விளங்கிக்கொண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வதனியிடம் சொன்னேன், அப்பாவுக்குப் பாரைமீன் எண்டால் உயிர் என்று சொல்லச் சொன்னாள். தமையனிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. இனிக் கேட்கத் தேவையில்லை என்கிறாள். லவாலில் எங்கள் பல்கனியிலும் வெள்ளிக்கிழமைகளில் சோறு வைக்கிறாள், அதை ஒரு கொழுத்த அணில் வந்து தின்றுவிட்டுப் போகிறது. அணிலை அவள் துரத்துகிறாள்.

ராகவனுக்கு ஐந்து இடத்தையும் சொல்லி, ஐந்தாவதில் மதிலில் ஒரு உருண்டை வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவரும் எங்கள் ஆள்தானே. போன கிழமை அங்கிருந்து படம் அனுப்பினார். ஆவி, கல் மதில், மூங்கில் இலை, இலைக்குப் பக்கத்தில் காகம். வதனி என் தொலைபேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா கொஞ்சம் மெலிஞ்சிட்டார்" என்றாள். பிறகு, "பனி கொட்டமுதல் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றாள்.

திருகோணமலைக்கா பெப்புவுக்கா என்று நான் கேட்கவில்லை. எழும்பிப்போய் லாச்சியைத் திறந்து, எங்கள் கடவுச்சீட்டுகள் எந்த மாதம்வரை செல்லும் என்று பார்த்தேன்.