பக்காரியின் கட்சிச் சட்டை

இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் "ஏர்னஸ்தோவின் கடை எங்கே?" என்று கேளுங்கள். மீன்காரன் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் காட்டுவான். ஏர்னஸ்ற் என்று பெயர் வைத்தது எங்கள் ஊர் பேசாலையில் என் தகப்பன். அதை ஏர்னஸ்தோ ஆக்கியது இந்த ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் கக்கூஸ் கழுவித் தொடங்கி, இன்று அரிசி, கருவாடு, மரவள்ளி மா, பாமெண்ணெய் என்று தமிழருக்கும் ஆபிரிக்கருக்கும் ஒரே கடையில் வைத்து விற்கிறேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் இது என் கதை இல்லை. என் கதைக்குத் தனிப் புத்தகம் வேண்டும். இது பக்காரியின் கதை.

பக்காரி மேற்கு ஆபிரிக்காக்காரன். எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். ஏன் என்பது முடிவதற்குள் உங்களுக்கே விளங்கும். பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். என்னைச் 'சியோ' என்று கூப்பிடுவான். இத்தாலி மொழியில் மாமா என்று அர்த்தம். நாங்கள் கதைத்ததெல்லாம் அந்த மொழியில்தான். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

மனைவி பின்தாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். இவன் இங்கே உழைத்து அங்கே ஒரு வீடு கட்டினான். தை மாதம் ஒரேயடியாகத் திரும்பிப் போவது என்று முடிவு. பட்டறை முதலாளிக்கும் சொல்லிவிட்டான். வாயைத் திறந்தால் அவனுக்கு இரண்டே கதைதான். ஒன்று அந்த வீடு. மற்றது கட்சி.

அவன் நாட்டில் ஜனாதிபதிதான் கட்சிக்கும் தலைவர். எண்பதைத் தாண்டிய மனிதர். கட்சி அடுத்த தலைவர் என்று யாரைக் காட்டுகிறதோ அவர்தான் அடுத்த ஜனாதிபதி. தேர்தல் பிறகு பேருக்கு நடக்கும். வெளிநாடுகளிலும் கட்சிக்குக் கிளைகள் உண்டு. பலெர்மோக் கிளையைத் தொடக்கியது பக்காரி. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சுவரில் ஜனாதிபதியின் படம். கதிரைகள் என் கடையிலிருந்து போகும்.

கட்சியின் உபதலைவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஆள் இளம் வயதில் படிக்க என்று இத்தாலிக்கு வந்து, கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்கப் பக்காரியின் அறையில் கிடந்தவர். அறையில் ஒரே ஒரு மெத்தை. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு இவன் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தான். அந்தப் பெட்டிகளைக் கொடுத்தது நான். உபதலைவராக வந்தபிறகும் பெருநாளுக்குப் பெருநாள் போன் எடுத்து "அண்ணா" என்பார். போன் வந்த அன்று பக்காரி என் கடையில் நிலத்தில் கால் படாமல் நிற்பான்.

போன கோடையில் ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஓர் ஆள் பலெர்மோவுக்கு வந்தார். சாம்பல் நிறக் கோட், மெல்லிய குரல். பக்காரியின் அறையில் விருந்து. என் மனைவி விமலராணி பொரித்த மீன் கட்லட்டை அவர் ஐந்தாறு சாப்பிட்டார். நானும் விமலராணியும் அங்கே இருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார், பக்காரி எனக்கு மொழிபெயர்த்தான்: பெரியவருக்குக் களைத்துவிட்டது. கார்த்திகை மாநாட்டில் உபதலைவரிடம் கட்சியைக் கொடுக்க ஆசைப்படுகிறார். ஆனால் தன் வாயால் சொன்னால் திணித்ததுபோல ஆகிவிடும். தொண்டர்களிடமிருந்து வரவேண்டும். பலெர்மோ தொடங்கட்டும்.

எப்படித் தொடங்குவது என்பதையும் அவரே சொன்னார். பக்காரியின் நாட்டில் மாநாடு என்றால் தலைவரின் முகம் அச்சடித்த துணியில் சட்டை தைத்துப் போடுவது வழக்கம். ஆணும் பெண்ணும் ஒரே துணி. இம்முறை உபதலைவரின் முகத்தைப் போடச் சொன்னார்.

அவர் போனபிறகு நான் பக்காரியைப் பிடித்து வைத்துச் சொன்னேன். எனக்கு இந்த வித்தை தெரியும். எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்ச் சங்கத்தில் ஒன்பது வருடம் தலைவராக இருந்தவன் நான். ஒவ்வொரு வருடமும் களைத்துவிட்டது, வேறு ஆராவது எடுங்கள் என்பேன். யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அடுத்த வருடம் அந்தக் கை நிர்வாகத்தில் இருக்காது. அப்படித்தான் ஒன்பது வருடம் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் சங்கத்தை நடத்தினேன்.

"களைச்சுப்போன மனுசன் பேசாமல் எழும்பிப் போவான், பக்காரி. அடுத்தது ஆர் இருக்கப்போறது எண்டு கேட்டுக்கொண்டு திரியமாட்டான்."

"சியோ, நீங்கள் நடத்தினது கோயில் சங்கம். இது ஒரு நாடு."

"கதிரை கதிரைதானே."

விமலராணி அடுப்படிப் பக்கமிருந்து, "இந்தாளைக் கதிரையாலை இறக்கிறதுக்குப் பாதரே வரவேண்டிக் கிடந்தது. இவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும், கேள்" என்றாள்.

அவன் சிரித்தான். கேட்கவில்லை. மெத்தையில் படுத்த தம்பி நாட்டை ஆளப்போகிறான் என்ற சந்தோஷம் காதை அடைத்துவிட்டது.

துணி என் கடை விலாசத்துக்குத்தான் வந்து இறங்கியது. பச்சை நிறம். நடுவில் உபதலைவரின் முகம் தட்டம் போலப் பெரிதாக. ஜனாதிபதி அதன் ஓரத்தில், வட்டத்துக்குள், சின்னதாக. சட்டைகளையும் பாவாடைகளையும் விமலராணிதான் தைத்தாள். யாருடைய முகத்தின் மேலும் ஆட்கள் குந்தக்கூடாது என்று பக்காரி கேட்டபடியால், ஒவ்வொரு பாவாடையையும் அளந்து அளந்து வெட்டினாள். அப்போது ஒருநாள் கேட்டாள்:

"பெரியவர் சின்னனாயும் சின்னவர் பெரிசாயும் கிடக்கு. ஆர் இதைக் கீறினது?"

"மாளிகையிலையிருந்து அனுப்பினது, சிஞ்ஞோரா. நாங்கள் ஒரு கோடும் மாத்தேல்லை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்தச் சட்டையோடு ஸ்தாசியோனே முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பக்காரி நடுவில். பெரியவர் பார்க்க ஆசைப்படுகிறார், உடனே அனுப்பு என்று சாம்பல் கோட்டுக்காரர் கேட்டிருந்தார். அனுப்பினான். உபதலைவருக்கும் அனுப்பினான். அவரிடமிருந்து கும்பிடும் கைகள் போட்ட சின்னப் படம் ஒன்று பதிலாக வந்தது.

மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக அவன் பெட்டி கட்டிவிட்டான். அந்தக் கிழமைதான் அறிவித்தல் வந்தது: வெளிநாட்டுக் கிளைகள் வரத் தேவையில்லை, போனில் பார்க்கலாம்.

என் கடையில், பருப்பு டின்னில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அவன் அந்தச் சட்டையோடு வந்திருந்தான். ஜனாதிபதி மெதுவாக நடந்து வந்து மைக்கைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு படம் விழுந்தது. பலெர்மோ ஸ்தாசியோனே. நடுவில் பக்காரி.

கிழவர் சொன்னதைப் பக்காரி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான். "நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். பலெர்மோவில் என்னை ஒரு பொத்தான் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்." மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

உபதலைவர் எழுந்தார். அவர் பேசத் தொடங்கியதும் பக்காரி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். நான் தோளில் தட்டிக் கேட்டபிறகுதான் சொன்னான்.

"பலெர்மோவுக்குத் தான் ஒருநாளும் போகேல்லையாம். அந்த ஆளை ஆரெண்டே தெரியாதாம்."

பிறகு நடந்ததை அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்; அதன் அர்த்தத்தைப் பிறகு அவன் விசாரித்துச் சொன்னான். மண்டபமே எழுந்து நின்று கிழவரைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டது. அவர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். புதிய உபதலைவர் என்று எழுந்து கும்பிட்டது கிழவருடைய மருமகன். சாம்பல் கோட்டுக்காரர் இரண்டாவது வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக் கட்லட் தின்ற வாய்.

பலெர்மோக் கிளைக்கும் புதிய தலைவரைப் போட்டார்கள். படத்தில் பக்காரியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றவன்தான். அடுத்த நாள் தொடக்கம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, சாமான் வாங்குவதுபோல நின்று, பையை என் கடை மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே அந்தச் சட்டை. வீட்டில் வைத்திருக்கப் பயம். ஒருவனும் பக்காரியைப் பற்றிக் கேட்கவில்லை.

பின்தா போனில் அழைத்தாள். இரண்டு பேர் வந்து புதுவீட்டின் ஹோலில் கால்மேல் கால் போட்டிருந்து, உன் மனுசன் எப்போது வருகிறான் என்று கேட்டார்களாம். வர வேண்டாம் என்றாள். இரண்டு கிழமையில் அந்தக் காணி கட்சிக்குச் சொந்தம் என்று சொல்லிப் பூட்டை மாற்றினார்கள். பின்தா பிள்ளைகளோடு தமையன் வீட்டுக்குப் போனாள். பக்காரி தான் கட்டிய அந்த வீட்டில் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, என் கடையில் நிற்கும்போது அவன் போன் அடித்தது. மெத்தையில் படுத்த தம்பிதான். அவருக்கு ஒரு மந்திரிப் பதவியை விட்டு வைத்திருந்தார்கள். நானும் கேட்கட்டும் என்று பக்காரி சத்தத்தைக் கூட்டினான். அந்தக் குரல் இத்தாலி மொழியிலேயே கதைத்தது. பிரான்காச்சோவில் பழகின இத்தாலி. தனக்கு வேறு வழி இருக்கவில்லை, கிழவர் எத்தனை நாளைக்கு, கொஞ்சக் காலம் பொறு, எல்லாவற்றையும் திருப்பித் தருவேன் என்றது. அண்ணா, அண்ணா என்றது.

பக்காரி கடைசிவரை கேட்டான்.

"பலெர்மோவுக்கு வராத ஆளுக்கு இஞ்சை ஆர் அண்ணன்?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

பட்டறை முதலாளி அவன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கேயே தொடர்ந்து வேலைக்குப் போகிறான். இப்போது பின்தாவையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிடப் பத்திரங்களோடு அலைகிறான். அதற்குக் குடும்பம் இருக்கக்கூடிய வீடு காட்டவேண்டும். பிரான்காச்சோவிலேயே இரண்டு அறை உள்ள ஒன்றைப் பிடித்திருக்கிறான். அதற்குப் பிணை நிற்க ஆள் கேட்டபோது வீட்டுக்காரனிடம் என் பெயரைத்தான் சொன்னான். என் பெயருக்கு இங்கே மறுபேச்சு இல்லை.

போன சனிக்கிழமை வந்தான். கடை மூலையில் கிடந்த அந்தப் பைகளிலிருந்து சட்டை ஒன்றை எடுத்து விமலராணி கருவாட்டுப் பெட்டிக்கு மூடியிருந்தாள். நான் அதை மறைக்கப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான். கிட்டப் போய், பெரிய முகம் கருவாட்டில் முட்டும்படி துணியை மறுபக்கம் திருப்பிப் போட்டான். ஓரத்தைப் புரட்டி, அதிலிருந்த சின்ன முகத்தை விரலால் தடவினான்.

"கிழவனிலை எனக்கு அவ்வளவு கோவம் இல்லை, சியோ. அந்தாள் என்ரை மெத்தையிலை படுக்கேல்லை."

பிறகு அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். வீடு மாறச் சாமான் கட்டவேண்டுமாம். கட்டில் வாங்கும்வரைக்கும் விரித்துப் படுக்கவும் உதவும் என்றான். நல்ல தடித்த பெட்டிகளாகப் பார்த்து நானே மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனான்.