பூச்சியம் போட மறுத்த மெற்றில்டா அக்கா

அடம்பன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அழைப்பு வந்தது. "தம்பி, எங்கட மெற்றில்டா மிஸ் போயிட்டா" என்றார் கந்தோர்க் காவலாளி. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லவர்களைத் தேடித் தேடிக் கூட்டிக்கொண்டு போகிற கடவுளுக்கு எங்கள் பணிப்பாளரைப் போன்றவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அக்கா கேட்டிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர் அவர்.

பேசாலையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில், குடிநீர்க் கிணறுகளைச் சோதிக்கும் எங்கள் சிறிய நிறுவனத்துக்குக் கணினிப் பொறுப்பாளராக வந்தார். நான் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவன். ஊருக்கு ஒருவரிடம் உப்பளவு காட்டும் மீற்றரைக் கொடுத்திருந்தோம். அவர்கள் கிணற்றின் இலக்கத்தையும் உப்பளவையும் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள். அந்த வரியைப் பிரித்து எண்களை வேறாக்கி எடுக்கும் நிரலைச் சி என்ற கணினி மொழியில் எழுதியவர் அக்காதான். உப்புக் கூடிய ஊருக்குத் தண்ணீர் பவுசர் வண்டி போகும். குறைந்த ஊருக்குப் போகாது.

சனம் ஒரே மாதிரி எழுதுமா? ஒருவர் காற்புள்ளி போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், இன்னொருவர் "அன்புள்ள ஐயா" என்று தொடங்குவார். நான் சலித்துக்கொண்டால் அக்கா சிரிப்பார். "சனம் மெசினுக்கு எழுதேல்லை தம்பி, எங்களுக்கு எழுதுதுகள். விளங்கிக்கொள்ளுறது எங்கட வேலை." எண் கிடைக்காத வரியை அவருடைய நிரல் ஏற்காது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, திரும்ப அனுப்புங்கோ என்று பதில் போடும்.

பணிப்பாளருக்கு அந்த வெறும் கட்டங்கள் கண்ணில் விழுந்த தூசி. கொழும்புக்குப் போகும் அறிக்கை நிறைவாக இருக்கவேண்டும் என்பார். அக்கா வைத்தியத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தபோது, வேறொருவரைக் கொண்டு நிரலை மாற்றுவித்தார். அந்த ஆள் போட்டது atoi என்ற கட்டளை. எழுத்தாக வந்ததை அது எண்ணாக்கித் தரும். எண்ணே இல்லாத சொல்லைக் கொடுத்தால், எந்த முறைப்பாடும் இல்லாமல் பூச்சியம் என்று தந்துவிடும். கட்டங்கள் எல்லாம் நிரம்பின. பணிப்பாளர் எல்லோருக்கும் தின்ன றோல்ஸ் வாங்கித் தந்தார்.

அந்த நேரம்தான் பாப்பாமோட்டையில் மீற்றருக்குப் பற்றரி முடிந்தது. அதை வைத்திருந்தவர் யோகேஸ்வரி, வயல் செய்யும் வீட்டுப் பெண். தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, எண்ணுக்குப் பதிலாக "உப்பு" என்று தட்டி அனுப்பினார். வேறென்ன செய்வார்? நிரல் அந்தச் சொல்லைப் பூச்சியமாக்கியது. உப்பு என்று எழுதிய கிணறு, உப்பே இல்லாத கிணறாகிவிட்டது. பவுசர் நின்றது.

யோகேஸ்வரி திரும்பத் திரும்ப அதையே அனுப்பினார். திரும்பத் திரும்பப் பூச்சியமே விழுந்தது. சனம் அந்தத் தண்ணீரையே குடித்தது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். "கொம்பியூட்டர் பொய் சொல்லுமோ?" என்று கேட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அக்கா திரும்பி வந்த அன்று, கதிரையில் இருக்க முன்னமே, வந்திருந்த செய்திகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சேர், அந்தப் பிள்ளை உப்பு உப்பு எண்டு கத்துது. நாங்கள் பூச்சியம் எண்டு எழுதுறம்."

"வெறுமையா விட்டால் மேலிடம் என்ன சொல்லும், மிஸ்?"

"தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. பூச்சியம் எண்டுறது ஒரு பதில், சேர். எங்களிட்டைப் பதில் இல்லை."

அறிக்கை போன பிறகு பார்ப்போம் என்றார் அவர். அக்கா காத்திருக்கவில்லை. அன்றே atoi-ஐக் கழற்றிவிட்டு strtol-ஐப் போட்டார். எண்ணை எடுப்பதோடு, வாசிப்பு எந்த எழுத்தில் நின்றது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். வாசிக்க ஒன்றுமே இல்லாவிட்டால் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அப்படி நின்றால் கட்டம் பழையபடி வெறுமையாகும். பிறகு பவுசர்ச் சாரதியைப் பிடித்து, நோயுடம்போடு தானே பாப்பாமோட்டைக்குப் போனார். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்.

அக்காவின் அடக்கம் பேசாலையில் நடந்தது. யோகேஸ்வரி பஸ் மாறி மாறி வந்திருந்தார். பணிப்பாளரும் வந்து, "ஒரு குறையும் வைக்காத பிள்ளை" என்று உருகிப் பேசினார். யோகேஸ்வரி என் பக்கம் குனிந்தார். "அவதானே குறை இருக்கு எண்டு சொன்னவ?" என்று கேட்டார்.

இன்று காலை கந்தோரில் மாத அறிக்கை தயாரித்தோம். அக்காவின் பெயருக்கு நேரே, வேலை செய்த நாட்களுக்கான கட்டம். "பூச்சியம் எண்டு போட்டு அனுப்பும்" என்றார் பணிப்பாளர். நான் போடவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். விளக்கம் கேட்டு எனக்கும் கடிதம் வரட்டும்.

போயிட்டு வாங்கோ அக்கா. உங்கட கட்டத்தை வெறுமையாத்தான் விட்டிருக்கிறன்.