ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை யூசுப் பாய் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார். கோட்டைமேட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அங்கிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை மொபெட்டிலேயே வந்திருந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயம் ஆகியிருக்கிறது. பத்திரிகை அடிக்க வேண்டும். பேசி முடித்தோம்.

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, அத்தா சொன்னது பத்திரமா இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். யோசிக்கவே இல்லை. ஃபிளாப்பியில் இருக்கிறது. ஃபிளாப்பி பீரோவில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அத்தா சொன்னது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாயின் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியவில்லை. தன் கதையைப் புத்தகமாகப் போட ஆசை. சில வருஷம் முன்னால் ஒரு கோடை முழுக்க, மதியமானால் ஆட்டோவில் வந்து எங்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொள்வார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் ஆபரேட்டர் அமுதா டைப் அடித்தாள். தாளில் ஒரு வரி கிடையாது. நேரே கம்ப்யூட்டருக்குள். ப்ரூஃப் எடுப்பதற்குள் பெரியவர் மௌத்தாகிவிட்டார். பேத்தி கல்யாணத்தன்று புத்தகமாக்கி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்போம், அதுவரை இருக்கட்டும் என்றார் பாய்.

அமுதா ஃபிளாப்பியில் ஏற்றிப் பெயர் ஒட்டித் தந்தாள். நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேலை முடிந்தது — அப்படித்தான் நினைத்தேன்.

பீரோவைத் திறந்தேன். ஃபிளாப்பி இருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது. சந்தனம்.

எங்கள் பிரஸ்ஸில் ஆயுத பூஜை பெரிய காரியம். அன்றைக்கு என் மனைவிதான் முதலாளி. கட்டிங் மெஷின், ஸ்டேப்ளர், கால்குலேட்டர், மானிட்டர், மவுஸ்... எதுவும் தப்பாது. பீரோவில் இருந்ததும் தப்பவில்லை.

மேலே பட்டதுதானே? துடைத்துவிட்டு டிரைவில் செருகப் போனேன். அமுதா கையைப் பிடிக்காத குறை. வாங்கி, ஃபிளாப்பி ஓரத்தில் இருக்கும் சின்னத் தகட்டை நகர்த்திக் காட்டினாள். உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டில் வட்டமாகச் சந்தனம். அதற்கு நடுவே குங்குமம். மணப்பெண் நெற்றி மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு மனைவி வந்தாள். கேட்டேன்.

"வெளிய இருக்கறது சட்டைங்க. சட்டைக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? தகட்டத் தள்ளிப்போட்டு நெத்தியில வெச்சேன்."

ஃபிளாப்பியைப் பாய் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தா போட்டோவுக்கு நிக்கவே மாட்டாருங்க. அவரோடதுன்னு எங்ககிட்ட இருக்கறது இந்தப் பேச்சு ஒண்ணுதானுங்க."

மனைவி கேரியரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பிளேடு எடுத்தேன். கூட்டைப் பிளந்தேன். உள்ளே இருந்த தட்டு வெங்காயச் சருகு கனம்கூட இல்லை. பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஃபேன் காற்றில் உலரவிட்டோம். ஒரு புது ஃபிளாப்பியைப் பிளந்து, அதன் கூட்டுக்குள் இதை வைத்து மூடினோம். டிரைவில் போட்டதும் ஒரு முனகல். பிறகு ஓடியது. ஃபைல் திறந்தது.

திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும், புள்ளியும், கமாவும், கேள்விக்குறியும். ஒரு தமிழ் எழுத்து இல்லை.

பாய் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கண் தரையில் இருந்தது.

அமுதா மட்டும் சிரித்தாள். எதுவும் கெடவில்லையாம். எல்லாம் அப்படியே இருக்கிறதாம். அந்தக் காலத்தில் அடித்த தமிழ் ஃபான்ட் வேறு, இப்போது இருப்பது வேறு. அடித்த ஃபான்ட் இல்லாவிட்டால் தமிழ் இப்படி இங்கிலீஷாகத்தான் தெரியுமாம். பழைய ஃபான்ட் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் சரவணம்பட்டியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு விற்றேன்.

பாயும் நானும் மொபெட்டில் கிளம்பினோம். இரண்டு பேரும் ஒல்லி இல்லை. மேட்டில் நான் இறங்கி நடந்தேன்.

கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. தமிழ் ஃபான்டும் இருந்தது. இடத்தை அடைக்கிறது, அழித்துவிடலாம் என்று ரொம்ப நாளாக நினைத்தாராம் இன்ஸ்டிட்யூட்காரர். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டாராம். அவருடைய சோம்பேறித்தனம் நன்றாக இருக்கட்டும். ஃபான்டைக் காப்பி போட்டு வாங்கி வந்தோம்.

அமுதா ஃபான்டை ஏற்றினாள். ஃபைலைத் திறந்தாள். முதல் வரி தமிழில் வந்து நின்றது.

'நான் சொல்வதை ஒருத்தரும் திருத்தக் கூடாது. முக்கியமாக யூசுப்.'

பாய் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அத்தாவேதானுங்க."

அப்போதே பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். ஒரு செட் பாய் கையில், ஒரு செட் பீரோவில். அதற்கப்புறம்தான் சாப்பிட்டேன்.

எனக்குப் படிப்பு எட்டாவது. ஆனால் இதை அடித்துச் சொல்வேன். பித்தளை அண்டாவைப் பரணில் போட்டுவிட்டு முப்பது வருஷம் கழித்து இறக்கினாலும் அது அண்டாதான். புளி போட்டுத் தேய்த்தால் போதும். கம்ப்யூட்டரில் இருப்பது அப்படி இல்லை. பூட்டி வைத்தால் பத்திரம் என்பது நகைக்கு. இப்போது சி.டி. வந்திருக்கிறது, அழியவே அழியாது என்கிறார்கள். அழியாமலே இருக்கட்டும். திறக்க வேண்டாமா? திறக்கிற மெஷின் வேண்டும். அதற்குள் அந்த ஃபான்ட் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது சும்மா பிளாஸ்டிக்.

அதனால் இனி வருஷா வருஷம் எல்லா ஃபிளாப்பியையும் வெளியே எடுப்போம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். பழையதிலிருந்து புதியதற்கு ஏற்றுவோம், ஃபான்டையும் சேர்த்து. ஒரு காப்பி பிரஸ்ஸில். ஒரு காப்பி வாடிக்கையாளர் வீட்டில். முக்கியமானதைத் தாளிலும் அடித்துவிடுவோம்.

இதை மனைவியிடம் விளக்கினேன். கஷ்டப்பட்டுத்தான் விளக்கினேன். அவள் அசரவில்லை.

"பாலுக்கு உறை ஊத்தறாப்பலதானுங்க. இதுக்கா இத்தன பேச்சு?"

சரிதானே? பத்து வருஷத் தயிரை யாரும் எடுத்து வைப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஓடுவது அவள் கல்யாணமாகி வந்தபோது ஊற்றிய அதே உறைதான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. ஒரு நாள் மறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போக வேண்டும். நாங்கள் சரவணம்பட்டிக்குப் போன மாதிரி.

எந்த நாளில் ஏற்றுவது என்று அமுதா கேட்டாள். ஆயுத பூஜை என்றேன். அன்றைக்குத்தான் எல்லாச் சாமானும் வெளியே வரும். காலையில் காப்பி. அப்புறம் பூஜை.

மனைவியும் ஒப்புக்கொண்டுவிட்டாள் — இந்த வருஷம் பொட்டு சட்டைக்குத்தான்.