கிணற்றுப் பன்னம்

இறுப்பிட்டியில் எங்கள் வீட்டுக் கிணற்றின் உட்சுவரில், வெயில் எட்டாத கல் இடுக்குகளில், ஒரு செடி தொங்கியது. மயிரிழை போலக் கறுத்த காம்பு, விசிறி மாதிரிச் சின்னச் சின்ன இலை. நான் அதைப் பாசி என்பேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்த என் மனைவிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"அது பாசி இல்லையப்பா, பன்னம்" என்பாள். பாசிக்கு வேருமில்லை, தண்டுமில்லை. பன்னத்துக்கு இரண்டும் உண்டு, பூவும் விதையும்தான் இல்லை, இலை விளிம்பு மடிந்த இடத்தில் வித்திகள் இருக்கும் என்று, வாளியும் கையுமாக நிற்கிற என்னைப் பிடித்துவைத்துப் பாடம் நடத்துவாள். இங்கிலீசில் அதற்குக் கன்னிப்பெண்ணின் கூந்தல் என்று பெயராம். உம்முடைய தலையை விடக் கறுப்புத்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஒருநாள், தாவர வகைப்பாட்டில் முன்பு தனிக் குடும்பமாக இருந்த அதை இப்போது வேறொரு பெரிய குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று கவலையாகச் சொன்னாள். பாசிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் சரிவந்திருக்கிறது என்றேன். அன்று தேத்தண்ணீர் சீனியில்லாமல் வந்தது.

பன்னம் என்று சொல்ல எனக்குத் தெரியாமலா? சரியாகச் சொன்னால் அவள் ஏசமாட்டாள். அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது.

போன வருடம் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய நான் கீரிமலைக் கடற்கரைக்குப் போயிருந்தபோது, செத்தவீட்டுத் துடக்குக் கழிய வேண்டுமென்று என் தம்பி கிணற்றைக் கலக்கி இறைத்திருந்தான். திரும்பி வந்து கால் கழுவப் போனேன். சுவர் வெறும் வெள்ளைக் கல்லாகத் தெரிந்தது. வாழையடியில் கறுத்த காம்புகள் குவியலாக வாடிக் கிடந்தன.

"பாசியெல்லாம் சுரண்டி எடுத்தாச்சு அண்ணை. இனி நல்ல தண்ணி" என்றான் தம்பி. அவனுடைய விரல்களெல்லாம் கல்லில் உரஞ்சித் தோலுரிந்திருந்தன. அவனை எப்படி ஏசுவது?

"அது பாசி இல்லையடா. பன்னம்."

அவன் தலையாட்டிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான். நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, குசினிக்குள்ளிருந்து அவள் ஏதாவது சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.