அத்தையின் பாதி முகம்

புதிதாக வாங்கும் எந்தப் பொருளையும் என் முகத்தில் போட்டுப் பார்த்து நான் முடிவு செய்ததில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எனக்கு நானே போடும்போது, உள்ளே தெரிகிறவள்மீது கொஞ்சம் இரக்கம் வந்துவிடும். நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவேன். மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவள் அப்படி விட்டுவிட முடியாது. அவளுக்கு இன்னொருவர் முகம் வேண்டும்.

நான் மேட்டூரில் வளர்ந்தவள். அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். கல்யாணமாகி நாமகிரிப்பேட்டைக்கு வெளியே தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார். போர் போடுகிற வேலை, மாதக்கணக்கில் வரமாட்டார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் மணப்பெண் அலங்காரம் கற்றுக்கொண்டேன். வீட்டின் முன்னறையில் சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி ஒன்று மாட்டி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற நாற்காலி ஒன்று போட்டேன். பார்லர் ஆகிவிட்டது.

கற்றுக்கொடுத்த இடத்தில் சொன்னது கொஞ்ச காலத்துக்குத்தான் வந்தது. போனைத் திறந்தால் தினமும் ஒரு புதுக் கிரீம், புது முறை. ஏசி அறையில் உட்கார்ந்து வீடியோ போடுகிற பெண்களின் முகத்தில் எதைப் போட்டாலும் நின்றது. இங்கே சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் மண்டபத்து மேடையில் ஓமப்புகைக்கு எதிரே உட்கார்ந்தால் எது நிற்கும் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தாட்டம் தண்ணி தெளிச்சாப்பல மினுமினுன்னு இருக்கோணுங்க்கா" என்றாள். அதற்கென்று புது பிரைமரும், தண்ணீர் போல ஓடுகிற புது பவுண்டேஷனும் வரவழைத்தேன். முதலில் பிரைமரைத் தடவி, அதன்மேல் பவுண்டேஷனைப் போட வேண்டும். போட்டுப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்துத் தோட்டத்துக் கல்லூரிப் பெண் வரவில்லை. எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கட்டுத்தரையில் சாணி வழித்துவிட்டு என் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏனம்மிணி, மூஞ்சிய இப்பிடி வெச்சுட்டு உக்காந்திருக்கற?"

"வாரேன்னு சொன்ன புள்ள வரலீங்கத்தை. இதைப் போட்டுப் பாக்கணும். கல்யாணத்துக்கு நாள் நெருங்குது."

"இது ஆரு மூஞ்சில வேண்ணாலும் போடலாமா?"

"போடலாங்க."

"அப்ப என்ற மூஞ்சில போடு. எனக்கென்ன கேடு?"

மஞ்சளைத் தவிர வேறெதையும் அந்த முகம் கண்டதில்லை. குச்சிக்கிழங்குக் காட்டு வெயிலில் கருத்து, இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்து, கண்ணோரத்தில் கோடு கோடாகச் சுருங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதை இந்த முகத்தில் போட்டு என்ன தெரிந்துகொள்வது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் அவராக வந்து கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் தடவி, அரிப்பு எடுத்தால் சொல்லுங்கள் என்றேன். அன்று முழுக்க அவர் அந்தக் காதைத் தொடவே இல்லை. என் மகள் முதுகில் ஏறி விளையாட வந்தபோதும், "காதத் தொடாத சாமி, உங்கம்மா மருந்து வெச்சிருக்கறா" என்று விலக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரைப் போலக் கண்களை இறுக மூடிக்கொண்டார். பஞ்சை நனைத்து முகத்தைத் துடைத்தேன். அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே அறையில் படுத்தோம். அவர் முகத்தை அத்தனை பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். இடது புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

"இதென்னங்கத்தை?"

"கெடாரிக் கன்னு முட்டுனது. உன்ற ஊட்டுக்காரன் வகுத்துல இருக்கறப்ப."

நடுமூக்கில் கோடு கிழித்தாற்போல முகத்தைப் பிரித்துக்கொண்டேன். வலது பாதிக்குப் புது பிரைமரும் புது பவுண்டேஷனும். இடது பாதிக்கு நான் வழக்கமாகப் போடுகிற பழைய கிரீமும் பவுடரும். முடித்ததும், "கழுவிராதீங்க. வழக்கமா செய்யற வேலையச் செய்ங்க. மத்தியானம் பாக்கறேன்" என்றேன். அத்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அரிவாளை எடுத்துக்கொண்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டார்.

வழியில் மாமா, என் மாமனார், பார்த்திருக்கிறார். வலப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாராம், சுற்றி வந்து இடப்பக்கமும் பார்த்தாராம். "எந்தப் பக்கம் பேசறதுன்னு தெரியலியே" என்றாராம்.

மத்தியானம் அத்தை திரும்பி வந்தபோது வலது கன்னத்துப் பூச்சு உரிந்திருந்தது. ரப்பரால் எழுத்தை அழித்தால் துகள் துகளாக வருமே, அதுபோலத் திரண்டு நின்றது. வேர்வை இறங்கிய இடமெல்லாம் கோடு. பிரைமர் வழவழப்பு, பவுண்டேஷன் தண்ணீர். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. தனித்தனியாக நல்ல பொருள்கள்தான். கல்யாணப் பெண்ணை மேடையில் இப்படி நினைத்துப் பார்த்தேன், புது பிரைமரை மூடி வைத்துவிட்டேன். இடது பாதி நின்றிருந்தது. ஆனால் மங்கு மட்டும் உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்கத்தை?"

"இந்தப் பக்கம் கேரிப்பைக்குள்ள மூஞ்சிய உட்டாப்பல இருந்துச்சு. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. சிரிச்சாக் கண்ணுக்கடில மட்டும் இழுக்குது."

அதுவரை நான் போட்டுவிட்ட எந்தப் பெண்ணும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. கல்யாணப் பெண்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள், சூப்பருங்க்கா என்பார்கள், போய்விடுவார்கள். முகத்துக்குள்ளிருந்து அது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கும் தோன்றியதில்லை.

அதன்பிறகு தினமும் காலை வேலை முடிந்ததும் அத்தை தானாக வந்து உட்காருவார். பிரைமரை மாற்றினேன். பவுண்டேஷனைக் கையால் தேய்க்காமல், ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் போட்டேன். மங்குக்கு மேல் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லியதாக வைத்து, அதன்மேல் பவுண்டேஷன் கொடுத்தால் சாம்பல் தெரியாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆரஞ்சைக் கண்டதும் அத்தை பதறிவிட்டார்.

"இதென்ன அம்மிணி, கோயல் நோம்பிக்கு வேசங்கட்டறாப்பல?"

"மேல போட்டா தெரியாதுங்கத்தை, சித்த பொறுங்க."

போட்டதும் மங்கு இருந்த இடமே தெரியவில்லை. கண்ணுக்கடியில் மட்டும் பவுடர் போடவில்லை; இழுக்கிறது என்று சொன்னாரே, அதனால். அவர் நிறம் அவர் நிறமாகவே இருந்தது. வெயிலில் போகாத நாள்களில் இப்படி இருந்திருப்பார் போலும் என்று நினைக்கும்படி இருந்தது.

அன்று சாயங்காலம் அதை மறந்துவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மா அவரை உற்றுப் பார்த்து, "ஏனுங்க, நல்லாத் தூங்குனீங்களாட்ட இருக்குது, மூஞ்சி தெளிஞ்சிருக்குது" என்றாராம். "நம்ம மருமவ பெயிண்ட் அடிச்சுட்டா" என்று இவர் சொன்னதும் வரிசையே கலைந்து சுற்றி நின்றுவிட்டதாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மாமாவிடமும் சொன்னார். பால் காய்ச்சி, சாப்பாடு முடிகிறவரை முகத்தைக் கழுவவில்லை.

கல்யாணத்தன்று அத்தையையும் கூட அழைத்துப் போனேன். கொண்டை ஊசி எடுத்துக் கொடுக்கவும் விசிறவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே அவருக்கும் லேசாகப் போட்டுவிட்டிருந்தேன். மண்டபத்து மணமகள் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து போட்டேன். பெண் கேட்ட மினுமினுப்பைக் கன்ன எலும்பின் மேலும் மூக்கு நுனியிலும் மட்டும் வைத்தேன். கண்ணாடியில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் போட்டாப்பலயே இல்லீங்க்கா."

பெண்ணின் அம்மா மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூச்சரத்தை அளந்துகொண்டிருந்தார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, கழுவித் துடைத்த முகம். அவருக்கும் மங்கு, அவருக்கும் காட்டு வெயில்.

"உங்களுக்கும் கொஞ்சம் போட்டுவிடட்டுங்களா?" என்றேன்.

"எனக்கெதுக்குங்க? புள்ளைக்குப் போட்டாப் போதும். இந்த மூஞ்சிக்கு இனி என்னத்தைப் போட்டு என்ன?"

அத்தை விசிறியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றார்.

"இந்த மூஞ்சியப் பாருங்க. இதுக்கே போட்டிருக்கறா."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். முதலில் நம்பவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பிறகு அத்தையின் கன்னத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தார். பூச்சரத்தை மகள் மடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் மணிக்கட்டில் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஆரஞ்சு, அதன்மேல் அவருடைய நிறத்துக்குக் கலந்து எடுத்த பவுண்டேஷன், புருவத்தில் நாலைந்து கோடு. உதட்டுச்சாயம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றார். நிறமில்லாத லிப் பாம் மட்டும் தடவினேன். அவர் எழுந்து திரும்பியதும் மகளின் கண் கலங்கியது.

"அம்மா..." என்றாள்.

"அழுவாத, அழுவாத, மை கரைஞ்சிரும்!" என்று நான் கத்தினேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பெண்ணின் அப்பா கதவைத் தட்டிவிட்டு உள்ளே தலையை நீட்டினார். நாங்கள் வந்ததிலிருந்து மனைவியை "ஏய், அதை எடு, இங்க வா" என்று விரட்டிக்கொண்டே இருந்த மனுஷன். இப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"மாப்பள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்றார். பிறகு, "வாங்க போலாம்" என்றார்.

வாங்க என்று அவர் சொன்னதை அறையிலிருந்த எல்லோரும் கவனித்தோம். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவருக்கு முன்னால் நடந்து போனார்.

தாலி கட்டி முடிகிறவரை நான் மேடைக்குக் கீழே நின்று பெண், அம்மா இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓமப்புகை, வேர்வை, ஆசீர்வாதம் செய்தவர்கள் கன்னத்தைத் தடவியது எல்லாவற்றுக்கும் பூச்சு நின்றது. பந்தியில் அத்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தை இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் சிலர் அடுத்த முகூர்த்தங்களுக்குக் கூப்பிட்டார்கள். மணப்பெண்ணுக்கு மட்டுமில்லை, அம்மாக்களுக்கும் சேர்த்து. இப்போது கெங்கவல்லி வரைக்கும் போய் வருகிறேன். யார் பேசினாலும், "அம்மாவுக்கும் போடலாமுங்களா?" என்று நானே கேட்டுவிடுவேன். எதற்கு என்றுதான் முதலில் சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பெரும்பாலும் அவர்கள்தான் நிறையக் கேள்வி கேட்பார்கள்.

புதுப் பொருள் வருவது நிற்கவில்லை. போன வாரம்கூட அரிசித் தண்ணீரில் செய்ததென்று ஒரு சீரம் கூரியரில் வந்தது. அத்தை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நாலு நாள் ஊறுன கழனித்தண்ணியாட்டம் நாறுது. இதை ஆருக்கும் போடாத" என்றார். கையில் தடவிப் பார்த்தேன், பிசுபிசுத்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். வெளியே மாமா மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு கூப்பிட்டார். அத்தை பால் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார், சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது.